எந்த ஸ்க்ரூவுக்கு எந்த டிரைவர்? ரிப்பேர் கடை மேசையிலிருந்து

பழுதுபார்க்க வரும் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டதும் அடித்தட்டு ஸ்க்ரூக்களின் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். பிளஸ் வடிவக் காடி தேய்ந்து வட்டக் குழியாகியிருந்தால், இங்கே வருவதற்கு முன்பே வீட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கார்பன் பிரஷ் மாற்றுவது பத்து நிமிட வேலை. அந்த மொட்டை ஸ்க்ரூவை வெளியே எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆகும்.

காரைக்குடியில் சின்னக் கடை என்னுடையது. மிக்ஸி, ஃபேன், கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி என்று எது வந்தாலும் பார்ப்போம். பழைய வீடுகளில் கதவு, அலமாரி வேலைக்கும் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூ கழலவில்லை என்றால் "ரொம்ப டைட்டா இருக்கு" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். நான் பார்த்தவரை டைட் ஸ்க்ரூ கெடுவதில்லை. தப்பான டிரைவர் பட்ட ஸ்க்ரூதான் கெடுகிறது. வகை சரியாக இருந்தும் அளவு தப்பாகிப்போவது அதைவிட அதிகம்.

வாங்கப் போகும்போது ஒரு விஷயம். கடைகளில் மைனஸ், பிளஸ் என்று கேட்டால் குழப்பமே இல்லை. "ஸ்டார்" என்று கேட்டால் ஒரு கடையில் பிளஸ்ஸை எடுத்துத் தருவார்கள், அடுத்த கடையில் ஆறு முனை டார்க்ஸை எடுத்துத் தருவார்கள். ஸ்க்ரூவின் தலையை போனில் கிட்டப்போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரருக்கும் சுலபம்.

பிளஸ்: கைப்பிடியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

பிளஸ் டிரைவரின் முறையான பெயர் பிலிப்ஸ். கைப்பிடியிலோ தண்டிலோ ஆங்கிலத்தில் பி.எச். என்று போட்டு ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட முனை பெரிதாகும். அப்படி எதுவுமே போடாத டிரைவரை வாங்காதீர்கள். அளவு போடத் தெரியாதவன் முனையை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பானா?

வீட்டு வேலையில் முக்கால்வாசி பி.எச். 2-ல் முடிந்துவிடும். சீலிங் ஃபேன் இறக்கை, குக்கர் கைப்பிடி, மிக்ஸி அடித்தட்டு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பெரும்பாலும் அந்த அளவுதான். பொம்மையின் பேட்டரி மூடி, காலிங் பெல், சில பிளக் டாப் போன்றவற்றுக்கு பி.எச். 1. லேப்டாப்பின் அடிமூடிக்கு பி.எச். 0, உள்ளே இருக்கும் பொடிசுகளுக்கு பி.எச். 00. பி.எச். 3 வேண்டியிருப்பது எம் 6 (6 மி.மீ. விட்டம்) மாதிரியான தடித்த ஸ்க்ரூக்களுக்கு. வீட்டில் அது தேவைப்படுவது அபூர்வம்.

தகராறு எல்லாம் 1-க்கும் 2-க்கும் நடுவில்தான். பி.எச். 2 ஸ்க்ரூவுக்குள் பி.எச். 1 டிரைவர் தாராளமாக இறங்கும், திரும்பவும் செய்யும். ஆனால் காடியின் அடியில் மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே சுவர்களைத் தொடாமல் நிற்கும். கொஞ்சம் பலம் கொடுத்ததும் உள்ளே இருக்கும் உலோகத்தைச் சுரண்டிவிட்டு வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் போதும், குழி வட்டமாகிவிடும்.

சரியான அளவா என்று பார்க்க எங்கள் கடையில் ஒரு வழி உண்டு. மிக்ஸியைக் கவிழ்த்து வைத்து, டிரைவரை ஸ்க்ரூவில் நிறுத்தி, லேசாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முனை ஆடாமல் காடியோடு ஒட்டி நின்றால் அதுதான் அளவு. கடகடவென்று ஆடினால் அடுத்த பெரிய எண்ணை எடுங்கள். பெரியது உள்ளே இறங்காவிட்டால் திரும்பி வரலாம், அதனால் நஷ்டமில்லை. அதனால்தான் எப்போதும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வாருங்கள் என்று கடையில் வேலை பழகும் தம்பியிடம் சொல்வேன்.

அப்புறம் கை. பிளஸ் காடியின் சுவர்கள் சரிவானவை. பலமாகத் திருப்பும்போது அந்தச் சரிவே முனையை மேலே தள்ளிவிடும். ஆகவே பிளஸ் ஸ்க்ரூவில் அழுத்துவது முக்கால், திருப்புவது கால். குறிப்பாக முதல் கால் சுற்றுக்கு உடம்பின் எடை டிரைவரின் மேல் நேராக இறங்க வேண்டும். மேசை மேல் இருக்கும் பொருளைத் தரையில் வைத்துவிட்டு மேலிருந்து அழுத்தினாலே பாதி ஸ்க்ரூக்கள் அடங்கிவிடும். சீலிங் ஃபேனில் இது சிரமம், கீழிருந்து மேலே அழுத்த வேண்டும். ஸ்டூலில் ஏறி நின்று கையை நீட்டிக்கொண்டே அழுத்தினால் பலம் வராது. ஒரு படி கூட ஏறி, முழங்கை மடங்கியிருக்கும் உயரத்தில் நின்று செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு வழுக்குவதை ஏன் உலகம் முழுக்க வைத்தார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1936-ல். அந்த ஆண்டே காடிலாக் கார்த் தொழிற்சாலையில் பயன்படுத்தினார்கள். மைனஸ் ஸ்க்ரூவில் மெஷின் டிரைவரை வைத்தால் முனை காடியைவிட்டுப் பக்கவாட்டில் நழுவும். பிளஸ்ஸில் முனை தானாகவே நடுவில் போய் உட்காரும். வேகமாக வண்டி கட்டுகிறவனுக்கு அது வரம். பின்னாளில் கழற்றுகிறவனைப் பற்றி அவர்கள் ரொம்பக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பிளஸ் மாதிரியே இருக்கும் இரண்டு

புதிதாகப் போட்ட மாடுலர் கிச்சனில் கதவு ஒன்றோடொன்று உரசுகிறது என்று கூப்பிடுவார்கள். கதவின் உட்பக்கம் இருக்கும் கிண்ணக் கீலைப் பாருங்கள். அதிலிருக்கும் ஸ்க்ரூ பிளஸ் போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் பிளஸ்ஸின் நான்கு கைகளுக்கு நடுவில் நான்கு மெல்லிய கோடுகளும் இருக்கும். அது போஸிட்ரைவ். ஐரோப்பியக் கம்பெனிகளின் கீல், டிராயர் சானல், பார்ட்டிகிள் போர்டு ஸ்க்ரூ பலவற்றிலும் இதுதான். டிரைவரில் பி.இஸட். 2 என்று போட்டிருக்கும்.

போஸிட்ரைவின் சுவர்களில் சரிவு இல்லாததால் முனை மேலே தள்ளப்படாது, நல்ல பிடி கிடைக்கும். ஆனால் சாதாரணப் பிளஸ்ஸை உள்ளே விட்டால் லொடலொடவென்று ஆடும். போஸிட்ரைவ் முனையைப் பிளஸ் ஸ்க்ரூவில் விட்டால் முழுதாக உட்காரவே உட்காராது. கீல் ஸ்க்ரூவை அடிக்கடி திருப்ப வேண்டிவரும் என்பதால் இந்த ஒரு டிரைவரை வாங்கி வைத்துக்கொள்வது லாபம். கதவு விளிம்புக்கு அருகில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினால் கதவு இடம் வலமாக நகரும். பின்னால் இருப்பது கதவை அலமாரியோடு ஒட்டவும் விலக்கவும் செய்யும். ஒரு நேரத்துக்குக் கால் சுற்று, கதவைச் சாத்திப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. மேல் கீல், கீழ்க் கீல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் இடைவெளி நேராகிவிடும்.

எம்.சி.பி., அதாவது மெயின் பெட்டியில் கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச், அதில் வயரைப் பிடிக்கும் டெர்மினல் ஸ்க்ரூவிலும் இதைப் பார்க்கலாம். மைனஸும் போஸிட்ரைவும் கலந்த வாயாக இருக்கும். அதைப் பிளஸ் போட்டு இறுக்கினால் இறுகின மாதிரி தோன்றும், உள்ளே வயர் லூஸாகவே கிடக்கும். லூஸ் வயர் சூடாகும், சூடாகி உருகும். கருகிப்போன எம்.சி.பி.க்களைக் கழற்றிப் பார்த்தால் பல சமயம் இந்தக் கதைதான்.

இன்னொன்று ஜப்பான் பிளஸ். ஜே.ஐ.எஸ். என்பது அவர்களுடைய தர அளவு. அதன் காடியும் பிலிப்ஸும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பான் ஸ்க்ரூவின் அடிவரை இறங்காது. பல ஜப்பான் ஸ்க்ரூக்களின் தலையில் பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி குழிந்திருக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இது யாருக்குத் தேவை என்றால் பழைய வண்டிக்காரர்களுக்கு. 1985-ல் இங்கே வந்து 1996-ல் தயாரிப்பு நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்னும் குழந்தை மாதிரி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அதன் கார்புரேட்டர், இன்ஜின் பக்கமூடி ஸ்க்ரூக்களைச் சாதாரணப் பிளஸ்ஸால் தொடாதீர்கள். ஜே.ஐ.எஸ். முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்கலாம்.

ஆண்டுக்கணக்கில் சூடும் மண்ணும் பட்டு இறுகிப்போன பக்கமூடி ஸ்க்ரூவுக்குக் கைப் பலம் போதாது. அதற்கு இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. தடித்த இரும்புக் கைப்பிடி, பின்னால் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடி விழும்போது உள்ளே இருக்கும் சரிவுக் காடி அந்த அடியைத் திருகலாக மாற்றும். முனை ஒரே நேரத்தில் உள்ளேயும் அழுந்தும், திரும்பவும் செய்யும். முதலில் ஸ்க்ரூவின் வாயில் இருக்கும் மண்ணைக் குத்தூசியால் சுத்தமாகத் தோண்டி எடுங்கள். கைப்பிடியைக் கழற்றும் பக்கம் திருகி, பிடித்து அழுத்திக்கொண்டு ஒரே அடி, தயங்காமல். பொட்டுப் பொட்டென்று தட்டிக்கொண்டே இருந்தால் காடிதான் போகும். மூடி அலுமினியம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஓரத்தில் இருக்கும் மெல்லிய இடங்களில் பெரிய சுத்தியல் ஆகாது.

மைனஸ்

மைனஸ் டிரைவரைத்தான் எல்லாரும் எல்லாவற்றுக்கும் வைத்திருப்பார்கள். பெயின்ட் டப்பா திறக்க, உளியாக, நெம்புகோலாக. எங்கள் கடையில் முனை உடைந்த பழையது ஒன்று அதற்கென்றே தனியாகக் கிடக்கிறது. நல்லதை யாரும் அந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

மைனஸில் இரண்டு அளவு பார்க்க வேண்டும். அகலம் ஒன்று, தடிமன் ஒன்று. பொதுவாகக் கிடைப்பவை 3 மி.மீ. அகலத்துக்கு 0.5 மி.மீ. தடிமன், 5.5-க்கு 1.0, 8-க்கு 1.2. முனை ஸ்க்ரூவின் காடி நீளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். அதைத் தாண்டி வெளியே துருத்தினால் மரத்தைக் கீறும். தடிமன் குறைந்தால் காடிக்குள் சாய்ந்து நின்று இரண்டு ஓரத்தையும் சிதைக்கும். அகலத்தை எல்லாரும் பார்ப்பார்கள், தடிமனைப் பார்ப்பவர்கள் குறைவு.

முனையின் வடிவத்திலும் இரண்டு. தண்டைவிட முனை விரிந்திருப்பது பொது வேலைக்கு. தண்டும் முனையும் ஒரே அகலமாக நேராக இறங்குவது ஹோல்டர், கனெக்டர், சுவிட்ச் டெர்மினல் மாதிரி குழிக்குள் புதைந்திருக்கும் ஸ்க்ரூக்களுக்கு. 3 மி.மீ. நேர் முனை ஒன்று இல்லாமல் வயரிங் வேலைக்குப் போகாதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் மைனஸ் இன்னும் ராஜாதான். பர்மா தேக்குக் கதவு, பித்தளைக் கீல், பித்தளை ஸ்க்ரூ. தலையெல்லாம் ஒற்றைக் காடி. அதன் மேல் ஆண்டுக்கு ஒரு முறை வார்னிஷ் அடித்து அடித்துக் காடியே தெரியாது. போன மாதம் ஓர் ஆச்சி தன் வீட்டு முகப்பு அலமாரியைக் காட்டி, "தம்பி, ஒடிக்காமக் கழட்டுவியா, இந்த மாதிரி இப்ப கிடைக்காது" என்றார். ஒடியாமல் கழற்ற முடியும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் காடியைத் திறக்க வேண்டும். உடைந்த ஹாக்சா பிளேடின் ஓரத்தைக் காடிக்குள் விட்டு வார்னிஷையும் பாலிஷ் பவுடரையும் அடி தெரியும்வரை சுரண்டுங்கள். ஒரு ஸ்க்ரூவுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அப்புறம் காடிக்குச் சரியான முனையை நிறுத்தி, கைப்பிடியில் மரச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. இப்போது கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். மரத்துக்கும் மரைக்கும் இடையில் இருந்த பிடிப்பு "டிக்" என்று விடும். அதற்கப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் பற்றுவைக்கும் சால்டரிங் அயனின் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். விரிந்து சுருங்குவதில் பிடி தளரும்.

திரும்பப் போடும்போதுதான் பித்தளை ஒடியும். பித்தளை மெத்து. தேக்கு கெட்டி. புதிய ஓட்டையில் பித்தளையை நேரடியாக முறுக்கினால் கழுத்தோடு முறிந்து பாதி மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முழுக்க ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் பித்தளையின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சோப்பும் தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், எனக்கு மெழுகுதான் பிடிக்கும். கடைசியில் காடியெல்லாம் செங்குத்தாக நிற்கும்படி விடுவேன். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த ஆச்சி கவனித்தார்.

டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் அல்ல

மைனஸ் முனை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது என்பதற்காக டெஸ்டரால் ஸ்க்ரூ முடுக்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை. டெஸ்டரின் தண்டு மெலிது. கைப்பிடிக்குள் ஒரு ரெசிஸ்டர், ஒரு நியான் பல்பு, ஒரு ஸ்பிரிங். இறுக்கிய ஸ்க்ரூவைத் திருப்பும்போது பிளாஸ்டிக்கில் மயிர் விரிசல் விழும். விரிசல் விழுந்த டெஸ்டரைத்தான் அடுத்த முறை கரண்ட் இருக்கும் இடத்தில் விடப்போகிறீர்கள்.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் மரியாதை வரும். முனையில் 230 வோல்ட். நடுவில் சுமார் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர். அதைத் தாண்டி நியான் பல்பு வழியாக, பின்பக்கம் தொட்டிருக்கும் உங்கள் விரல் வழியாக, உடம்பு வழியாகத் தரைக்கு ஒரு துளி கரண்ட் போகிறது. கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் தெரிவதில்லை. உங்களுக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு ரெசிஸ்டர்தான். ஈரக் கையோடு தொடாதீர்கள், தண்டின் உலோகத்தில் விரல் படாமல் பிடியுங்கள்.

எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் மங்கலாகத்தான் எரியும். வெயிலில் எரிவதே தெரியாது. முதலில் கரண்ட் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில், பிறகு மறுபடி அதே பிளக்கில். மூன்றும் முடித்துத்தான் கை வைக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டதாக நினைத்துப் பயப்படுவார்கள். பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கும். அந்த லைனில் ஆன் செய்திருக்கும் ஏதோ ஒரு பல்பு வழியாக ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கிறது. அந்த அறையின் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். நியூட்ரல் ஓட்டையில் வெளிச்சம் போய்விட்டால் சந்தேகமே வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த "நியூட்ரல்" வயரைத் தொட்டாலும் அடிக்கும்.

பிளாஸ்டிக் கைப்பிடி இருப்பதாலேயே ஒரு டிரைவர் ஷாக் அடிக்காது என்று ஆகாது. மின் வேலைக்கென்று செய்ததில் முனை மட்டும் தெரியும்படி தண்டு முழுக்க உறை போர்த்தியிருக்கும். கைப்பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் இருக்கும். சாதாரண டிரைவருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி அதை இதற்குச் சமமாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுற்றாதீர்கள். எந்த டிரைவரானாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான்.

டார்க்ஸ், ஆலன், இன்ன பிற

ஆறு முனை நட்சத்திரக் குழி இருந்தால் டார்க்ஸ். டி 8, டி 10, டி 15, டி 20 என்று அளவு. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் டி 8 பார்க்கலாம், சில டிரில் மெஷின்களின் உறையில் டி 15 அல்லது டி 20. சுவர்கள் செங்குத்து என்பதால் முனை வழுக்குவதே இல்லை, நான் ரொம்ப மதிக்கும் வடிவம் இது. குழியின் நடுவில் ஒரு குச்சி நின்றால் அது கண்டவர்கள் திறக்கக் கூடாது என்று வைத்த காவல் வகை. நுனியில் ஓட்டை போட்ட டார்க்ஸ் முனை வேண்டும். ஓட்டை போட்ட முனையைக் குச்சி இல்லாத டார்க்ஸிலும் பயன்படுத்தலாம், ஆகவே சின்ன அளவுகளில் அதையே வாங்கிவிடுங்கள். ஆலன் கீயை டார்க்ஸுக்குள் திணிப்பது மட்டும் வேண்டாம், இரண்டும் கெடும்.

ஆலன் என்பது அறுகோணக் குழி. பிரித்து வரும் கட்டில், மேசை, சைக்கிள் ஹேண்டில் எல்லாம் 4, 5, 6 மி.மீ.யில் முடியும். அங்குல செட்டும் மி.மீ. செட்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3/16 அங்குலம் 4.76 மி.மீ.தான். 5 மி.மீ. குழியில் அது சரியாக இறங்கின மாதிரியே இருக்கும், பலம் கொடுத்ததும் மூலைகளை உருட்டிவிடும்.

பிட் செட் வாங்கினால் அதில் சதுர முனை ஒன்று இருக்கும், இது எதற்கு என்று கேட்பார்கள். கனடாக்காரர் பீட்டர் ராபர்ட்சன் 1908-ல் கண்டுபிடித்தது. ஸ்க்ரூவை முனையில் மாட்டித் தலைகீழாகப் பிடித்தாலும் காந்தம் இல்லாமலேயே நிற்கும். கனடாவில் மர வேலைக்கு இன்னும் அதுதான். இங்கே அந்த முனை டப்பாவில் புத்தம்புதிதாகவே கிடக்கும்.

போன் திறக்க நினைப்பவர்களுக்கு: ஐபோனின் அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் ஐந்து இதழ் வடிவம், பென்டலோப் 0.8 மி.மீ. டிரைவர் வேண்டும். உள்ளே மூன்று கால் வகையும் வரும். பழைய நோக்கியா 3310-க்கு டி 6 போதும். எந்த போன், லேப்டாப் ஆனாலும் ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டால் போர்டைத் துளைத்துவிடும். ஒரு தெர்மகோல் துண்டில் லேப்டாப்பின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, கழற்றக் கழற்ற ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள்.

குட்டை டிரைவர், வளைந்த இசட் டிரைவர், ராட்செட் இதெல்லாம் வடிவம் மட்டும்தான் வேறு, முனை அதேதான். கை நுழையாத இடத்துக்குக் குட்டை ஒன்று இருந்தால் நல்லது.

எந்தப் பக்கம் திருப்புவது

வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் கழலும். விதிவிலக்கு டேபிள் ஃபேன். இறக்கையைப் பிடித்திருக்கும் முன்மூடியை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஃபேன் ஓடும்போது மூடி தானாகக் கழன்றுவிடாமல் இருக்க மரையைத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள். மிக்ஸியில் மோட்டார் மேல், ஜார் வந்து உட்காரும் கப்ளரும் இதே கணக்குதான். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். அடித்தட்டைத் திறந்தால் பல மிக்ஸிகளில் மோட்டார் தண்டின் அடி முனையில் மைனஸ் காடி இருக்கும். அதில் ஒரு டிரைவரை வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே கப்ளரைத் திருப்ப வேண்டும். பிளக்கை உருவிவிட்டு.

பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் ஸ்க்ரூ லேசாக "டக்" என்று கீழே இறங்கும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய தடத்திலேயே போகும். இதைச் செய்யாமல் நேரடியாக முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டும், கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் குழாய் வெறும் ஓட்டையாகிவிடும். பேட்டரி டிரில்லால் பிளாஸ்டிக் ஸ்க்ரூவை ஏற்றுவதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

மொட்டையாகிவிட்டால்

ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பும் வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். சின்ன ஸ்க்ரூவில், லேசாகத் தேய்ந்திருந்தால் பலிக்கும். இறுகிப்போன ஸ்க்ரூவில் ரப்பர்தான் கிழியும். நான் செய்வது இந்த வரிசை: மரையோரம் ஒரு சொட்டு டபிள்யூ.டி. 40, இல்லாவிட்டால் மண்ணெண்ணெய், விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பேன். அடுத்து பழைய பெரிய பிளஸ் ஒன்றைக் குழியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துத் திருப்பிப் பார்ப்பேன். தலை வெளியே தெரிந்தால் வைஸ் கிரிப் போட்டுக் கவ்விவிடலாம், இது சுலபம். தலை மட்டமாக இருந்தால் ஹாக்சா பிளேடால் குறுக்கே ஒரு காடி அறுத்து மைனஸால் கழற்றுவேன். எதற்கும் அசையாததற்கு டிரில்தான் கடைசி. தலையைத் துளைத்து எடுத்துவிட்டால் மூடி வந்துவிடும், மிச்சத் தண்டைப் பிளையரால் திருகலாம்.

என்ன வாங்கலாம்

பிளஸ் 1, பிளஸ் 2, மைனஸ் 3 மற்றும் 5.5 மி.மீ., போஸிட்ரைவ் 2, அப்புறம் ஒரு நல்ல டெஸ்டர். ஒரு வீட்டுக்கு இது போதும். லேப்டாப், கண்ணாடிச் சட்டம் என்று கை நீண்டால் ஒரு சின்ன பிட் செட் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பது முனையோடு மலிவாக வரும் பெட்டிகளை நான் வாங்குவதில்லை. அதில் நீங்கள் தினம் எடுக்கப்போவது பிளஸ் 2-ஐ மட்டும்தான், அதுதான் முதலில் உருண்டு போகும். அந்தக் காசுக்கு டபாரியா மாதிரி பெயர் தெரிந்த கம்பெனியில் தனித்தனியாக நான்கு வாங்கலாம்.

மைனஸ் முனை மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள். வைஸில் பிடித்து, நுனியை அரத்தால் மட்டமாக ராவி, இரண்டு முகத்தையும் சமமாகத் தேய்த்தால் பழையபடி ஆகிவிடும். கிரைண்டிங் வீலில் தேய்ப்பதானால் நீலம் பாயும் அளவுக்குச் சூடாக விடாதீர்கள், எஃகு மெத்தாகிவிடும். இடையிடையே தண்ணீரில் முக்கி எடுங்கள். பிளஸ்ஸுக்கு இந்த வைத்தியம் கிடையாது. நான்கு சிறகில் ஒன்று உருண்டாலும் அதை பெயின்ட் டப்பா திறக்கிற கூட்டத்தோடு சேர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.